கார்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். உசிலம்பட்டியில் கல்யாணம், காதணி விழா எடுத்து எடிட் செய்து கொடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சோனி கேமராவில் எஸ்-லாக்3 (பிறகு கலர் செய்வதற்காக வெளிறலாகப் பதியும் முறை), எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4கே 50பி, 10 பிட் 4:2:2. கலர் செய்வது டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவில். சிஸ்டம் ஐ5 12ஆம் தலைமுறை, 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 600 விஏ யுபிஎஸ். கேமிங் மானிட்டர் ஒன்று. பக்கத்தில் 43 இன்ச் டிவியை கார்டிலிருந்தே எச்டிஎம்ஐயில் மாட்டியிருக்கிறேன். என் மானிட்டரில் நன்றாக இருக்கும் முகம் கிளையன்ட் வீட்டு டிவியில் இருண்டு, கறுப்பெல்லாம் அடைத்துக்கொண்டு தெரிகிறது. முன்பு ஒருமுறை என் ஸ்டூடியோ டிவியில் படம் வெளிறித் தெரிந்ததால் டெலிவர் பக்கத்தில் டேட்டா லெவல்ஸை ‘ஃபுல்’ என்று மாற்றினேன், அதிலிருந்து அப்படியே வைத்திருக்கிறேன். மேடையில் மெஜந்தா, நீல எல்இடி அடித்த ஷாட்டில் முகம் திட்டுத் திட்டாக இருக்கிறது. ப்ளேபேக் திக்குகிறது. மதியத்துக்கு மேல் ‘ஜிபியு மெமரி ஃபுல்’ என்று வந்து ரெண்டர் நிற்கிறது. சில நாள் சிஸ்டமே பட்டென்று அணைந்து திரும்ப ஆன் ஆகிறது. கடையில் கார்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: தம்பிக்கு வணக்கம். கார்டை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரே வியாதி போலத் தெரிந்தாலும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கோளாறுகள் சேர்ந்து வந்திருக்கின்றன. 16 ஜிபி கார்டு போட்டாலும் டிவியில் முகம் இருண்டுதான் தெரியும். சிஸ்டம் மதியம் அணையத்தான் செய்யும். கூடுதல் வாட் இழுக்கிற கார்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம் அணையும். ஒவ்வொன்றாகப் பிரிப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

நிறத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கிளையன்ட் பணம் கொடுப்பது அதற்குத்தான். கலர் பக்கத்தில் கீழே வலது மூலையில் இருக்கும் ஸ்கோப் என்ற அளவு வரைபடம், உங்கள் மானிட்டரையும் டிவியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. படத்தின் எண்களை மட்டும் காட்டும். அதனால் ஸ்கோப்பில் தப்பாக இருந்தால் கோளாறு உங்கள் கிரேடில் (நீங்கள் செய்த கலர் திருத்தத்தில்), அல்லது எடுத்த விதத்தில். ஸ்கோப்பில் சரியாக இருந்து கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தால் கோளாறு அதற்குப் பிறகு வரும் பாதையில்: கார்டு, கேபிள், திரை, ரெண்டர் செட்டிங். இனி சொல்லப்போவது எல்லாம் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

டிவியில் கறுப்பு அடைப்பதற்கு முக்கியமான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: அந்த ‘ஃபுல்’. 8 பிட் வீடியோவில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடியும். இதுதான் வீடியோ லெவல். ஃபுல் என்றால் 0 முதல் 255 வரை. பென் டிரைவில் இருக்கும் எச்.264 ஃபைலை டிவி வீடியோ லெவலாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஃபுல்லில் ரெண்டர் செய்து கொடுத்தால் 16க்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும், 235க்கு மேலே இருப்பதெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு மடிப்பு, பெண்ணின் கூந்தல், கண் ஓரம் எல்லாம் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கின்றன. பட்டுச் சேலையின் ஜரிகை மினுமினுப்பு மேல் பகுதியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன.

என் சொல்லை நம்பிச் செய்ய வேண்டாம், சோதித்துப் பாருங்கள். எடிட் பக்கத்தில் எஃபெக்ட்ஸ், ஜெனரேட்டர்ஸ் போய் ‘கிரே ஸ்கேல்’ என்பதை டைம்லைனில் 10 செகண்ட் இழுத்துப் போடுங்கள். அதை இரண்டு தடவை எச்.264இல் ரெண்டர் செய்யுங்கள். ஒன்று டேட்டா லெவல்ஸ் ‘ஆட்டோ’, இன்னொன்று ‘ஃபுல்’. இரண்டையும் பென் டிரைவில் போட்டு டிவியின் யுஎஸ்பியில் நேராக ஓட்டுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இடைவெளி இல்லாமல் நகர்ந்து போகும் ஃபைல் எது, இரண்டு முனையிலும் பட்டையாக அடைத்து நிற்கும் ஃபைல் எது என்று கண்ணிலேயே தெரியும். டிவி கையில் இல்லாதபோதும் இதைப் பார்க்கலாம். ரெண்டர் ஆன ஃபைலைத் திரும்ப ரிசால்வுக்குள் கொண்டுவந்து, ரைட் கிளிக், க்ளிப் ஆட்ரிபியூட்ஸ், டேட்டா லெவல்ஸ் ‘வீடியோ’ என்று வையுங்கள். ஆட்டோவில் விடாதீர்கள். ஃபைலுக்குள் ஃபுல் என்ற குறிப்பு இருந்தால் ஆட்டோ அதைப் படித்துச் சரிசெய்துவிடும், கோளாறு மறைந்துவிடும். ‘வீடியோ’ என்று வைத்ததும் வேவ்ஃபார்ம் ஸ்கோப் மேலும் கீழும் தட்டையாக வெட்டுப்பட்டால் அந்த ஃபைல் ஃபுல். அதைத்தான் கிளையன்ட் வீட்டு டிவி காட்டுகிறது.

ஆகவே டெலிவரில் ‘ஆட்டோ’வுக்குத் திரும்புங்கள். ஆனால் முன்பு உங்கள் ஸ்டூடியோ டிவி வெளிறியதே, அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தீர்க்காவிட்டால் மறுபடியும் ஃபுல்லுக்குப் போகத் தோன்றும். கார்டிலிருந்து எச்டிஎம்ஐயில் போகும் சிக்னலுக்கும் இதே லிமிடெட், ஃபுல் கணக்கு இருக்கிறது. கார்டு லிமிடெட்டில் அனுப்பி டிவி ஃபுல்லாக எடுத்துக்கொண்டால் படம் வெளிறும். கார்டு ஃபுல்லில் அனுப்பி டிவி லிமிடெட்டாக எடுத்துக்கொண்டால் அடைக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன் பக்கத்தின் அடியில் ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ இருக்கிறது. டிவியின் பிக்சர் மெனுவில் ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்’ அல்லது ‘பிளாக் லெவல்’ என்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகும் வரை மாற்றி, அதே கிரே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அந்த டிவிக்கு எச்டிஆர் ஆனில் இருந்தாலும் சாதாரணப் படம் வெளிறும், அதை அணையுங்கள். நைட் லைட்டும் அணைந்திருக்க வேண்டும். டிவியில் மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோட், கலர் டெம்பரேச்சர் வார்ம் பக்கம்; டைனமிக் கான்ட்ராஸ்ட், மோஷன் ஸ்மூத்திங், எனர்ஜி சேவிங் மூன்றும் ஆஃப்.

இருட்டுக்கு இரண்டாவது காரணம் உங்கள் கேமிங் மானிட்டர். கடையிலிருந்து வந்தபடி பிரைட்னஸை வைத்திருந்தால் 300 நிட்ஸோ (திரை வெளிச்சத்தின் அளவு) அதற்கு மேலோ அடிக்கும். ரெக்.709 (சாதாரண எச்டி டிவியின் நிறத் தரம்) வேலைக்குத் திரையின் வெள்ளை 100 நிட்ஸ். மூன்று மடங்கு வெளிச்சமான திரையில் உட்கார்ந்தால் கை தானாகவே காமாவைக் கீழே இழுக்கும். அந்தப் படம் வேறு எங்கே போனாலும் இருட்டு. மானிட்டரில் ‘பிளாக் ஈக்வலைசர்’, ‘ஷேடோ பூஸ்ட்’ மாதிரிப் பெயரில் ஒன்று இருந்தால் இன்னும் மோசம். விளையாட்டில் இருட்டுக்குள் ஒளிந்திருப்பவனைக் காட்டுவதற்காக வைத்தது அது, உங்களுக்கு இல்லாத நிழல் விவரத்தைக் காட்டும். அதைப் பூஜ்யமாக்கி, எஸ்ஆர்ஜிபி அல்லது யூசர் மோடுக்கு வந்து, பிரைட்னஸைக் குறையுங்கள். என்விடியா பேனலில் டிஜிட்டல் வைப்ரன்ஸ் 50 சதவீதத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது ஏற்றி வைத்திருந்தால் நீங்கள் சேச்சுரேஷனைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்திருப்பீர்கள்.

இப்போது ஸ்கோப்புக்கு வாருங்கள். மாநிற முகத்தில் வெளிச்சம் படும் பக்கம் ரிசால்வின் 0–1023 அளவில் 450 முதல் 600க்குள் விழுந்தால், சரியாக வைத்த எந்த டிவியிலும் முகம் தெரியும். உங்கள் பழைய வேலைகளைத் திறந்து பாருங்கள்; பெரும்பாலும் 350ஐச் சுற்றிக் கிடக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மானிட்டர் உங்களைக் கீழே இழுத்திருக்கிறது என்பது உறுதி.

முகத்தின் நிறத்துக்கு வெக்டர்ஸ்கோப்பில் (நிறத்தைக் காட்டும் ஸ்கோப்) ஸ்கின் டோன் கோட்டை ஆன் செய்து கொள்ளுங்கள். ஆனால் நலங்கு வைத்த முகம் அந்தக் கோட்டிலிருந்து மஞ்சள் பக்கம் தள்ளித்தான் நிற்கும், நிற்கட்டும். அதைக் கோட்டுக்கு இழுத்தால் மஞ்சள் பூசிய அழகு போய் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒயிட் பேலன்ஸ் பிக்கரை எடுத்து மாப்பிள்ளையின் வேட்டியில் வைப்பது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. சொட்டு நீலம் போட்ட வேட்டி உண்மையிலேயே நீலம் கலந்த வெள்ளை. பட்டு வேட்டியோ சந்தன நிறம். முதலாவதில் வைத்தால் படம் முழுக்க மஞ்சளுக்குப் போகும், இரண்டாவதில் வைத்தால் நீலத்துக்குப் போகும். மல்லிகைச் சரமும் ஆகாது; மொட்டில் பச்சை இருக்கிறது. மேடை லைட் போட்டு முடித்ததும் 18 சதவீத கிரே கார்டை ஐந்து செகண்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எஸ்-லாக்3யில் அந்தச் சாம்பல் 41 சதவீதத்தில் நிற்க வேண்டும், வெள்ளை 61இல். அந்த ஒரு ஷாட்டில் எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் இரண்டுமே தெரிந்துவிடும். கேமராவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்தும் வையுங்கள். அது ஷாட்டின் நடுவில் நகர்ந்தால் கீஃப்ரேம் போட்டே நாள் போய்விடும்.

மெஜந்தா, நீல எல்இடியில் வரும் திட்டு தனிக் கதை. இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. ஆர்ஜிபி பரேடை (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஸ்கோப்) திறந்து அந்த ஷாட்டைப் பாருங்கள். பச்சைச் சேனல் கீழே பூஜ்யத்தில் கோடு போட்ட மாதிரி ஒட்டிக்கிடந்தால், எல்இடியின் நிறம் ரெக்.709 கொள்ளாத அளவுக்கு அடர்த்தியாக இருக்கிறது. லாக்கிலிருந்து ரெக்.709க்கு மாற்றும் இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. கேமரா ஃபைலில் விவரம் இருக்கிறது, மீட்கலாம். நீலச் சேனல் லாக் படத்திலேயே மேலே தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அது எடுக்கும்போதே போனது. கொஞ்சம் மறைக்கலாம், மீட்க முடியாது. இரண்டையும் பிரிக்க எல்லா நோடையும் (கலர் திருத்தங்களை அடுக்கும் கட்டங்கள்) அணைத்து, வெறும் லாக் படத்தின் பரேடைப் பார்க்க வேண்டும்.

மீட்கக்கூடியதற்கு வழி இது. இணையத்தில் இறக்கிய எஸ்-லாக்3 லட்டை (எல்யுடி, நிறத்தை மாற்றும் தயார் அட்டவணை) எடுத்துவிடுங்கள். முதல் நோடில் கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்ஃபார்ம் போட்டு, இன்புட் எஸ்-கேமட்3.சினி, எஸ்-லாக்3, அவுட்புட் டாவின்சி வைட் கேமட், டாவின்சி இன்டர்மீடியட். கடைசி நோடில் இன்னொன்று: உள்ளே டாவின்சி வைட் கேமட், இன்டர்மீடியட், வெளியே ரெக்.709, காமா 2.4. டோன் மேப்பிங் ‘டாவின்சி’. கேமட் மேப்பிங் ‘சேச்சுரேஷன் கம்ப்ரஷன்’. கலர் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில். வெட்டுப்பட்ட இடம் மெதுவாக வளைந்து உள்ளே வரும், திட்டு கரையும். மிச்சம் இருந்தால் நடு நோடில் ஆர்ஜிபி மிக்ஸரைத் திறந்து, பச்சைக்குள் கொஞ்சம் சிவப்பைக் கலந்து, முகத்துக்கு மட்டும் விண்டோ போடுங்கள். ஒரு எச்சரிக்கை: ப்ராஜெக்ட் செட்டிங்கில் கலர் சயின்ஸ் ‘டாவின்சி ஒய்ஆர்ஜிபி’ என்று இருந்தால் மட்டுமே இப்படி நோடு போட வேண்டும். ‘கலர் மேனேஜ்டு’ என்று இருந்தால் அதுவே மாற்றிக் கொடுக்கிறது. மேலே நோடும் போட்டால் இரண்டு முறை மாறி, கான்ட்ராஸ்ட் கிழிந்துவிடும்.

போனில் படம் வேறு மாதிரித் தெரிகிறது என்றும் கிளையன்ட் சொல்லலாம், அதைப் பற்றிச் சுருக்கமாக. டெலிவரில் அட்வான்ஸ்டு பகுதியில் கலர் ஸ்பேஸ் டேக் ரெக்.709, காமா டேக் ரெக்.709 என்று கொடுங்கள். ஐபோனில் கொஞ்சம் வெளிறித் தெரியும், அதை விட்டுவிடுங்கள். அதைத் துரத்தினால் டிவி கெடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து சிஸ்டம் அணைவது. இதில்தான் உங்களுக்கு அவசரம் அதிகம், ஹார்டு டிஸ்க்கே போய்விடலாம். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போங்கள். அணைந்த நேரத்தில் ‘கெர்னல்-பவர் 41’ இருக்கும். அதன் டீடெயில்ஸில் ‘பக்செக்கோட்’ என்ற வரி 0 என்றால் விண்டோஸ் எந்தத் தவறையும் பதிவு செய்யவே நேரமில்லாமல் கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். வேறு எண் இருந்தால் புளூ ஸ்க்ரீன். டிரைவர், ராம் பக்கம் தேட வேண்டும். ‘டிஸ்ப்ளே 4101’ என்று இருந்தால் கார்டின் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது.

உங்களுடையது 0 ஆக இருக்கும் என்பது என் கணிப்பு. கணக்கைப் பாருங்கள். 3060 முழு லோடில் 170 வாட். 12400 வகை ப்ராசசர் டர்போவில் 117 வாட் வரை. போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் சேர்ந்து 40. எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) சொந்த இழப்பைச் சேர்த்தால் சுவரிலிருந்து 370 வாட்டைத் தாண்டும். மானிட்டர் 35, டிவி 80 முதல் 100. எல்லாம் யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் 500 வாட்டை ஒட்டி வருகிறது. 600 விஏ யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட்தான், பின்னால் ஸ்டிக்கரில் பாருங்கள். எடிட் செய்யும்போது இவ்வளவு இழுக்காது, அதனால் காலையில் பிழைத்துக்கொள்கிறது. மதியம் ரெண்டர் ஓடும் நேரத்தில் ஊரில் ஏசியும் மோட்டாரும் ஓடி வோல்டேஜ் இறங்கும், யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும், தாவிய மறுகணம் ஓவர்லோடில் அணையும். மதியம் மூன்று மணிக்கு மல்டிமீட்டரில் பிளக் பாயின்டை அளந்து பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190ஐ ஒட்டி வந்தால் இதுவேதான். அதோடு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்துகொள்ளுங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்ய வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது, டிவியை யுபிஎஸ்ஸிலிருந்து பிரித்துச் சுவர் பாயின்டில் மாட்டுவது. மாட்டும்போது எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் அணைத்த நிலையில் செருகுங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் டிவியின் உடம்பில் கசியும் கரண்ட் எச்டிஎம்ஐ போர்ட்டைக் கொன்றுவிடும். அடுத்தது யுபிஎஸ். 1 கேவிஏவுக்குக் குறையாமல், 600 வாட்டாவது தாங்குவதாக, ப்யூர் சைன் வேவாக வாங்குங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) கொண்டவை. மலிவான யுபிஎஸ் பேட்டரியில் கொடுக்கும் படிக்கட்டு அலையில் அவற்றில் சில அணைந்துவிடும். லோடு குறைவாக இருந்தும் அணைவதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுவதானால் ‘யுபிஎஸ் மோட்’ சுவிட்சில் இருக்க வேண்டும். சாதாரண மோடில் மாறும் நேரம் எஸ்எம்பிஎஸ் தாங்கும் 16 மில்லி செகண்டைத் தாண்டிவிடும்.

சூட்டையும் பார்த்துவிடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு அரை மணி நேரம் ரெண்டர் போடுங்கள். கார்டு 83 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் அறையே 38 டிகிரி இருக்கும்போது கேபினெட்டின் முன் ஃபில்டரில் தூசிப்படலம் இருந்தால் அங்கே போக வெகுநேரம் ஆகாது. ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு புளோவர் அடியுங்கள்; சுழலவிட்டு அடித்தால் பேரிங் போகும். தெர்மல் பேஸ்ட் மாற்றுவது, ஃபேன் மாற்றுவது எல்லாம் ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்தம் இல்லாத மாதம் அதற்குத்தான் வசதி. டிரைவர் அப்டேட்டும் ரிசால்வ் அப்டேட்டும் அப்போதுதான். புதிய வெர்ஷனில் திறந்து மேம்படுத்திய ப்ராஜெக்ட் லைப்ரரியைப் பழைய வெர்ஷனில் திறக்க முடியாது, ஆகவே லைப்ரரியை பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

ரெண்டர் நிற்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எந்த ஃபிரேமில் நின்றது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஃபிரேமில் நின்றால் அந்த க்ளிப்பிலோ, அதில் போட்ட எஃபெக்டிலோ கோளாறு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் மெமரி, சூடு, கரண்ட். இதை எழுதி வைக்காமல் டிரைவரை மாற்றுவதும் விண்டோஸைத் திரும்பப் போடுவதும் வீண் அலைச்சல்.

மெமரி நிறைவது எப்படி என்று ஒரு கணக்கு. ரிசால்வ் ஒவ்வொரு பிக்சலையும் 32 பிட் ஃப்ளோட்டில் வைத்துக்கொள்கிறது. ஒரு யுஎச்டி ஃபிரேம் நான்கு சேனலோடு சுமார் 133 எம்பி. அக்கம்பக்க ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளிகளைக் குறைக்கும் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷனில் ஃபிரேம்ஸ் 5 என்று வைத்தால் முன்னே ஐந்து, பின்னே ஐந்து, நடுவில் ஒன்று, பதினோரு ஃபிரேம். ஒரு நோடுக்கு மட்டும் கிட்டத்தட்ட 1.5 ஜிபி, அதுவும் நகர்வைக் கணக்கிடும் இடத்தைச் சேர்க்காமல். இரண்டு மூன்று நோடில் போட்டு, மேலே மேஜிக் மாஸ்க்கும் சேர்ந்தால் 12 ஜிபி எங்கே போகும்? அதே ஃபிரேம் ஃபுல் எச்டியில் 33 எம்பிதான். கிளையன்டுக்குப் பென் டிரைவில் ஃபுல் எச்டிதான் கொடுக்கிறீர்கள் என்றால் டைம்லைனையும் ஃபுல் எச்டியிலேயே வையுங்கள். ரிசால்வில் விண்டோவும் நோடும் ரெசல்யூஷன் மாறினாலும் இடம் மாறாது. ஆனால் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ப்ளரும் கொஞ்சம் வித்தியாசப்படும், இரண்டு மூன்று ஷாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய்ஸ் ரிடக்‌ஷனை ஒரே ஒரு நோடில், முதல் ட்ரான்ஸ்ஃபார்முக்கும் முன்னால் போடுங்கள். ஃபிரேம்ஸ் 2 போதும். அந்த நோடை ரைட் கிளிக் செய்து நோட் கேஷ் ‘ஆன்’. கேஷ் ஃபார்மட் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ், கேஷ் ஃபோல்டர் உள்ளே இருக்கும் என்விஎம்ஈ எஸ்எஸ்டியில். வெளியே தொங்கும் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் வைக்காதீர்கள். நொடிக்கு 120 எம்பி கொடுப்பதே அதற்குப் பெரும்பாடு. காலையில் ஓடி மதியம் நிற்பதற்கும் காரணம் தேடுங்கள்: நடுவில் ஆல்பம் டிசைனுக்கு ஃபோட்டோஷாப் திறந்திருப்பீர்கள், குரோமில் பாட்டு ஓடும். இரண்டும் கார்டு மெமரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜர், பர்ஃபாமன்ஸ், ஜிபியுவில் ‘டெடிகேட்டட் ஜிபியு மெமரி’ எவ்வளவு என்று பாருங்கள். ரெண்டர் போடுமுன் அவற்றை மூடி, ரிசால்வையும் ஒருமுறை மூடித் திறங்கள்.

ப்ளேபேக் திக்குவது கார்டின் பலவீனம்தான், ஆனால் வேறு வகையில். 3060இன் டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரிக்கும் பகுதி) எச்.265 4:2:2வைத் திறக்காது. நிற விவரம் குறைந்த 4:2:0வைத் திறக்கும். நீங்கள் எடுக்கும் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265 4:2:2, அதனால் மொத்தச் சுமையும் ப்ராசசர் தலையில். 12ஆம் தலைமுறை இன்டெலின் உள் கிராபிக்ஸ் இந்த 4:2:2வைத் திறக்கும். உங்கள் ப்ராசசர் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை. இல்லாவிட்டால் அதிர்ஷ்டம்: பயாஸில் உள் கிராபிக்ஸை எனேபிள் செய்யுங்கள் (தனி கார்டு இருந்தால் சில போர்டுகள் அதை அணைத்துவிடும்), இன்டெல் டிரைவரைப் போடுங்கள், ரிசால்வில் ப்ரிஃபரன்சஸ், சிஸ்டம், டிகோட் ஆப்ஷன்ஸில் இன்டெல் குவிக் சிங்க்கை டிக் செய்யுங்கள். ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் இன்டெல் பக்கத்தின் ‘வீடியோ டிகோட்’ கோடு ஏறினால் வேலை செய்கிறது. ‘எஃப்’ என்றால் ராத்திரி ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் எளிதான நகல்) போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, பாதி ரெசல்யூஷன். எடிட் முடிந்து கலருக்கு வந்ததும் ப்ளேபேக் மெனுவில் ‘ப்ரிஃபர் கேமரா ஒரிஜினல்ஸ்’ என்று மாற்ற வேண்டும். எல்பி 8 பிட்; அதைப் பார்த்து நாய்ஸையும் வானத்தின் நிறத்தையும் முடிவு செய்தால் ரெண்டரில் வேறாக இருக்கும். டெலிவரில் ‘யூஸ் ப்ராக்ஸி மீடியா’ டிக் இல்லாமல் இருக்கட்டும்.

கையில் பணம் இருந்தால் முதலில் யுபிஎஸ். அடுத்து டெக்லிங்க் மினி மானிட்டர் 4கே. விண்டோஸ், என்விடியா இரண்டையும் தாண்டி ரிசால்விலிருந்து டிவிக்கு நேராகப் படம் கொடுக்கும் கார்டு அது. லெவல் குழப்பம் அங்கேயே தீரும். போர்டில் காலியாக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் x4 ஸ்லாட் இருக்கிறதா, 3060 அதை மூடி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டெஸ்க்டாப் வீடியோ டிரைவரைப் போட்டு, ப்ராஜெக்ட் செட்டிங்கில் வீடியோ மானிட்டரிங் ஃபார்மட்டை டைம்லைன் வேகத்துக்கே வையுங்கள். 25 என்றால் யுஎச்டி 2160பி 25. அந்த கார்டு யுஎச்டியில் 30 ஃபிரேம் வரைதான். 50பி டைம்லைன் என்றால் 1080பி 50 கொடுங்கள், இல்லாவிட்டால் ‘நோ சிக்னல்’ வரும்.

மூன்றாவது, கேலிபரேஷன் ப்ரோப் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி). திரையை 30 நிமிடம் சூடேறவிட்டு, முதலில் திரையின் சொந்த மெனுவில் 100 நிட்ஸ், டி65 வெள்ளைக்குக் கொண்டுவந்து, பிறகு டிஸ்ப்ளேகால் மென்பொருளில் காமா 2.4க்கு த்ரீடி லட் எடுங்கள். பகலில் ஷட்டர் திறந்து வெளிச்சத்தில் வேலை என்றால் 2.2. விண்டோஸில் ரிசால்வின் வியூவர் ஐசிசி ப்ரொஃபைலைக் கண்டுகொள்ளாது, லட் தான் வழி. ப்ராஜெக்ட் செட்டிங்கின் கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் அந்த லட்டை டிவிக்கு ‘வீடியோ மானிட்டர் லுக்கப் டேபிள்’ என்ற இடத்தில் போட வேண்டும். ‘அவுட்புட் லுக்கப் டேபிள்’ என்ற இடத்தில் போட்டுவிட்டால் உங்கள் டிவியின் குறைக்கான திருத்தம் கிளையன்டின் ஃபைலில் வெந்து போய்விடும். சுவரில் ரோஸ், பச்சை பெயின்ட் இருந்தால் திரைக்குப் பின்னால் இருக்கும் சுவரையாவது சாம்பலாக்குங்கள். அதன் மேல் 6500 கெல்வின் எல்இடி பட்டை ஒன்று மங்கலாக எரியட்டும்.

ஃபிரேம் எண்ணைக் குறித்த நோட்டில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், அந்த க்ளிப்பைத் தனியாக டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸுக்கு மாற்றி, டைம்லைனில் அதன் இடத்தில் வைத்து ரெண்டர் போட்டுப் பாருங்கள். அப்போதும் நின்றால் அந்த நோடுகளை ஒவ்வொன்றாக அணைத்து, எது அணைந்தபோது தாண்டியது என்று எனக்கு எழுதுங்கள்.